ராமநாதபுரம் கரையில் டைம் ட்ரையல்: போன வேகம் திரும்புமா, இல்ல ரிம் வாங்கணுமா?

தொண்டி ரோடு · 14 ஜூன், இரவு 9.10
ஏழு மாசம் சைக்கிளைத் தொடல. போன வருசம் டைம் ட்ரையல் மாதிரி தனியா, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டினதுல, தேவிபட்டினத்துலேருந்து வடக்க பத்து, திரும்பிப் பத்து, ஆக 20 கி.மீ. 34 நிமிசம். மறுபடி மிதிக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. இன்னைக்குக் காலைல 38 நிமிசம் 20 விநாடி. மிதிக்கிற பலத்தை வாட்ல காட்டுற பவர் மீட்டர் இல்ல, நாடித்துடிப்பைக் காட்டுற நெஞ்சுப்பட்டை இருக்கு. வயசு 41. போனது போனதுதான்னு நினைக்கிறேன். காற்றைக் கிழிக்கிற 50 மி.மீ. ஆழ ரிம் போட்டா ரெண்டு நிமிசம் கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றாரு. வாங்கவா, இல்ல ஸ்டார்ட் லைன் பக்கமே போகாம இருக்கவா?

கச்சான் · 14 ஜூன், இரவு 9.40
அந்த 34 எந்த மாசம்?

தொண்டி ரோடு · 14 ஜூன், இரவு 9.44
பங்குனி. காலை ஆறு மணி.

கச்சான் · 15 ஜூன், காலை 5.15
அப்படின்னா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கவே கூடாது. பங்குனி விடியல்ல அந்த ரோட்டுப் பனைமரத்துல ஓலை அசையாது. இப்ப கச்சான் காற்று பிடிச்சாச்சு. தேவிபட்டினம்–தொண்டி ரோடு ஏறக்குறைய வடகிழக்காப் போகுது, காற்று தென்மேற்குலேருந்து வருது. போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்துல அறையும். ரிம் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்.

கீழக்கரைக் காக்கா · 15 ஜூன், காலை 7.30
தள்ளுறதும் அறையறதும் சரிக்குச் சரியாப் போயிரும்ல? போற பத்துல கிடைக்கிறது, வர்ற பத்துல போகுது. கணக்கு நேர்.

கச்சான் · 15 ஜூன், இரவு 8.20
நேராகாது காக்கா. ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, முகப்பு இழுவை (காற்று முட்டித் தடுக்கிற அளவு) 0.32 சதுர மீட்டர்னு வைங்க. காற்றே இல்லாத சமதரையில மணிக்கு 35 கி.மீ. போக 208 வாட் மாதிரி வேணும். அதே 208-ஐ மாத்தாம மிதிச்சா, 15 கி.மீ. எதிர்காற்றுல வேகம் 26.4, பின்காற்றுல 44.9. பத்து கி.மீ. எதிர்காற்றுக்கு 22 நிமிசம் 44 விநாடி, பின்காற்றுக்கு 13.22. கூட்டினா 36.06. காற்றில்லாம இருந்தா 34.17. மெதுவாப் போற பாதியிலதான் ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டு இருக்கோம், அதான் காரணம். காற்று கொடுக்கிறது கொஞ்ச நேரம், பிடுங்குறது நிறைய நேரம்.

ஆக 38.20-ல 1 நிமிசம் 50 விநாடி காற்றுக்கு. மிச்சம்தான் உடம்புக்கு.

தொண்டி ரோடு · 15 ஜூன், இரவு 8.41
போன்ல பார்த்தப்பவும் காற்று 15-தான் போட்டிருந்துச்சு. மனசுக்குக் கொஞ்சம் தெம்பு.

கச்சான் · 16 ஜூன், காலை 5.05
அந்தத் தெம்பைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்க, தப்பு என்மேல. போன்ல வர்ற காற்று தரையிலேருந்து 10 மீட்டர் உயரத்துக்கான அளவு. சைக்கிள்காரன் முதுகு இருக்கிற உயரத்துல, வெட்டவெளியில, அதுல மூணுல ரெண்டு பங்குதான். 15 இருந்தா நமக்கு 10. காற்று பாதியானா நட்டம் கால்வாசியாகும், ஏறக்குறைய வர்க்கக் கணக்கு. 10-க்கு நட்டம் 50 விநாடி கூட இல்ல. ஆக 34.50-க்குப் பக்கம் வரவேண்டியது 38.20 ஆகியிருக்கு. மூணரை நிமிசம் உங்களோடது.

ஆனா அந்த மூணரையும் காலோட பலம்னு எழுதிடாதீங்க. ரெண்டு கேள்வி: இழுபிடியில, அதாவது ஹேண்டிலோட வளைஞ்ச கீழ்ப்பிடியில, முன்கையை வளைச்சு எத்தனை நிமிசம் இருந்தீங்க? முதல் அஞ்சு கி.மீ. எத்தனை நிமிசம்?

தொண்டி ரோடு · 16 ஜூன், மதியம் 1.15
வளைச்சு இருந்தது பத்து நிமிசம் இருக்கும். கழுத்து பிடிச்சுக்கிச்சு, அப்புறம் கையை நீட்டி நிமிர்ந்தே வந்தேன். முதல் அஞ்சு 7.20. பறந்துச்சு.

கச்சான் · 16 ஜூன், இரவு 9.00
7.20-ன்னா மணிக்கு 41. பின்காற்றுல பறந்தது நீங்க இல்ல.

நிமிர்ந்து உட்கார்ந்தா 0.32 எளிதா 0.36 ஆகும். அதே 208 வாட்டுக்கு வேகம் 33.7-ஆ இறங்கும். 20 கி.மீ.க்கு 1 நிமிசம் 20 விநாடி அங்கேயே போச்சு. அதுவும் எதிர்காற்றுப் பாதியில நிமிர்ந்தா இன்னும் கூடும். 50 மி.மீ. ரிம் உங்க வேகத்துல கொடுக்கிறது 20, 25 விநாடி, அதுவும் காற்று நல்லா இருந்தா. ரெண்டு நிமிசம்னு சொன்னவர் ரிம் விக்கிறவரா?

கீழக்கரைக் காக்கா · 16 ஜூன், இரவு 9.12
ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. 50 மி.மீ. ரிம்மோட பாம்பன் பாலத்துல ஏறுங்க தம்பி, அம்மி எப்படிப் பறக்கும்னு தெரியும்.

கச்சான் · 18 ஜூன், காலை 5.20
காக்கா விளையாட்டாச் சொன்னாலும் விசயம் நிசம். பாம்பன் சாலைப் பாலம் 2.3 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல, கடல்மட்டத்துலேருந்து தூக்கிக் கட்டினது, கச்சான் நேர் பக்கவாட்டுல அடிக்கும். முன் ரிம் ஆழமா இருந்தா காற்று ஹேண்டிலையே திருப்பும். பின்சக்கரம் ஆழமா இருந்தா அவ்வளவு தொந்தரவு இல்ல, ஏன்னா அது திரும்புற சக்கரம் இல்ல. அது போக, பாலத் துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற விரிவு இணைப்புல டயர் தட்டும், நடுப்பாலத்துல வண்டியை நிறுத்திட்டு ரயில் பாலத்தைப் படம் எடுப்பாங்க. அங்க நேரம் பார்க்காதீங்க, தாண்டுறதோட சரி.

தனுஷ்கோடி ரோடு வேற கதை. ராமேஸ்வரத்துலேருந்து தென்கிழக்காப் போறதால கச்சானும் பக்கக்காற்று, வாடையும் பக்கக்காற்று. பலபேர் பக்கக்காற்று நேரத்தைத் தின்னாதுன்னு நினைக்கிறாங்க. 15 கி.மீ. சுத்தமான பக்கக்காற்று 35-ஐ 34 ஆக்கிடும், சாய்ஞ்சு ஓட்டுற சிரமம் தனி. அரிச்சல்முனைக்கு முன்னால மணல் ரோட்டு மேல ஏறிக் கிடக்கும். ஓரமா வந்தா முன்சக்கரம் உழும்.

தொண்டி ரோடு · 20 ஜூன், இரவு 8.50
சரி, ரிம் வாங்கல. எங்கேருந்து ஆரம்பிக்க?

கச்சான் · 21 ஜூன், காலை 4.55
காற்று தொடாத ஒரு அளவுலேருந்து. உங்ககிட்ட இருக்கிற நெஞ்சுப்பட்டை போதும். நல்லாத் தூங்கின நாள், 15 நிமிசம் உடம்பைச் சூடாக்கிட்டு 30 நிமிசம் தனியா, முழு மூச்சுல ஒரே சீரா மிதிங்க. முதல் பத்து நிமிசத்தை விட்டுட்டு கடைசி இருபது நிமிசத்தோட சராசரி நாடியை எடுங்க. அதுதான் வரம்பு நாடி, ஒரே சீராத் தாங்கக்கூடிய உச்சம். போன வருசத்து எண்ணை எடுத்து ஒட்டாதீங்க. விட்டு வந்தவங்க பாதிப்பேர் கெடுறது பழைய எண்ணைத் துரத்தித்தான்.

அப்புறம் எட்டு வாரம்:

முதல் ரெண்டு வாரம், வாரத்துக்கு நாலு நாள், 45-லேருந்து 75 நிமிசம், முழு வாக்கியம் பேசுற அளவுக்கு மட்டும். மூணாவது வாரம் அதுல ரெண்டு நாள் 2×10 நிமிசம் (ரெண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிசம்), வரம்பு நாடிக்கு 5–8 துடிப்பு கீழ, நடுவுல 5 நிமிசம் இளைப்பாறல். நாலாவது வாரம் மொத்த நேரத்தை 40 சதவீதம் குறைங்க, இந்த வாரத்தைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிப்பாங்க. அஞ்சு, ஆறுல 3×10. ஏழுல 2×20, வரம்புக்கு 2–3 துடிப்பு கீழ. எட்டுல நேரம் பாதி, வேகம் மட்டும் குறைக்காம.

நாடி மெதுவா ஏறும், மிதிக்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு நிமிசம் கழிச்சுத்தான் சரியாக் காட்டும். அதுக்குள்ள ‘ஏறலையே’ன்னு அழுத்தினா அஞ்சாவது நிமிசத்துல மூச்சு முட்டும்.

முள் · 21 ஜூன், காலை 6.40
பங்காளி, ஏழு மாசம் ஏன் விட்டாருன்னு கேக்கவே இல்லையே. காய்ச்சலா?

தொண்டி ரோடு · 21 ஜூன், காலை 6.58
வேலைதான். காய்ச்சல் இல்ல.

கச்சான் · 21 ஜூன், காலை 7.05
கேட்டிருக்கணும், என் பிசகு. காய்ச்சல்னா விட்டு முழுசா ஒரு வாரம் ஆகி, படுக்கையில பார்க்கிற காலை நாடி பழைய அளவுக்கு வந்த பிறகுதான் முதல் வாரமே. நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுத்தல் இருந்தா டாக்டரைப் பார்த்துட்டுத்தான் சைக்கிள்.

கச்சான் · 27 ஜூன், இரவு 9.15
‘காற்று தொடாத அளவு’ன்னு பெருசா எழுதிட்டேன். காற்று தொடாதுதான், வெயில் தொடும். அதே மிதிக்கு காலை அஞ்சரைக்கு 160 காட்டுற நாடி எட்டரைக்கு 170 காட்டும். வேர்வையில ரத்தத்தோட நீர் குறையுது, தோலைக் குளிரவைக்க ரத்தம் வெளிய ஓடுது, மிச்சத்தை வச்சு இதயம் வேகமா அடிக்குது. விட்டு வந்தவங்களுக்கு இது இன்னும் கூடும், ஏன்னா பயிற்சியை விட்டதும் முதல்ல குறையறதே ரத்தத்துல இருக்கிற நீர்தான். ஒரு நல்ல சேதி, மிதிக்க ஆரம்பிச்சா முதல்ல திரும்புறதும் அதுவே. வெயிலுக்கு உடம்பு பழக 10–14 நாள் போதும்.

அதனால நாடியை எப்பவும் ஒரே மணி நேரத்துல எடுங்க. கூடவே வாயையும் கேளுங்க: முழு வாக்கியம் வந்தா சுளுவு, நாலு வார்த்தைக்கு மேல வரலன்னா வரம்புக்குக் கீழ, ஒரு வார்த்தைதான்னா வரம்பு. நாடியும் வாயும் ஒத்துப்போகாத நாள்ல வாய் சொல்றதை நம்புங்க.

முள் · 28 ஜூன், காலை 6.10
எட்டு வாரமும் சரி, சீமைக்கருவேல முள்ளுக்கு யாரு பதில் சொல்றது? உப்பூர் பக்கம் நேத்து ரெண்டு பஞ்சர்.

கச்சான் · 28 ஜூன், இரவு 8.00
இதுக்கே தனியா எழுதணும். கருவேல முள் டயரைக் குத்தி ஒடிஞ்சு உள்ளேயே நிக்கும். புது ட்யூப் போட்டுட்டுக் கிளம்பினா பத்து நிமிசத்துல மறுபடி இறங்கும், உங்க ரெண்டாவது பஞ்சர் அப்படித்தான் வந்திருக்கும். கழட்டினதும் ட்யூபுல ஓட்டை வால்வுலேருந்து எவ்வளவு தூரம்னு பார்த்து, டயர்ல அதே இடத்தைத் தேடுங்க. விரலை விடாதீங்க, கிழிக்கும். ஒரு துண்டுப் பஞ்சை உள்சுவத்துல சுத்தித் தடவினா முள்ளுல சிக்கி நிக்கும். ஊக்கு, சின்ன இடுக்கி ரெண்டும் பையில இருக்கணும்.

பயிற்சிக்கு 28 மி.மீ., நடுவுல பஞ்சர் தடுப்புப் பட்டை வச்ச டயர். கனம்தான், வேகம் குறையும்தான். போட்டி நாளுக்கு மட்டும் லேசான டயரை மாட்டினா கால் தானா பறக்கிற மாதிரி இருக்கும், அந்த ஏமாத்து மனசுக்கு நல்லது. ட்யூப்லெஸ்னா ஓட்டையை அடைக்க உள்ள ஊத்தின பால் இந்த வெக்கையில சீக்கிரம் காயும், மாசம் ஒருதரம் திறந்து பாருங்க.

காற்றழுத்தம்: 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயர்ல 70 பி.எஸ்.ஐ. பக்கம் போதும். நிழல்ல 28 டிகிரில 75 அடிச்சு வெயில்ல நிறுத்தினா, டயர் 45 டிகிரி ஆகும்போது 80. ஸ்டார்ட்டுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்துக்கங்க.

கீழக்கரைக் காக்கா · 29 ஜூன், காலை 7.00
முள்ளு மட்டுமா? பங்குனி சித்திரைல ரோட்டோரம் குண்டு மிளகாய் காயப் போட்டிருப்பாங்களே. அது மேல ஏத்தினா டயர்ல ஒட்டுற விதையைவிட மிளகாய்க்காரம்மா வாய்தான் காரம்.

கச்சான் · 6 ஜூலை, காலை 5.00
இழுபிடியில உட்கார்றது பத்தி. விட்டு வந்தா மூச்சு மட்டும் போறதில்ல, இதுவும் போகும். கழுத்து, இடுப்பு மடிப்பு, உள்ளங்கை. இங்க ஏத்தம் இறக்கம் கிடையாது, 35 நிமிசம் ஒரே உட்காருகை, மிதிக்காம உருளவே முடியாது. அதனால நம்ம கரையில உட்காருகைக்கே பயிற்சி வேணும்.

ஹேண்டிலை 15–20 மி.மீ. உயர்த்துங்க, ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்முக்குக் கீழ வளையம் போட்டா முடிஞ்சது. சீட்டு மூக்கை 2 டிகிரி கீழ இறக்குங்க, அதுக்கு மேல இறக்கினா உடம்பு முன்னால வழுக்கி கை தாங்கும். சுளுவு நாட்கள்ல 4×5 நிமிசம் வளைஞ்சு, அடுத்த வாரம் 3×8, அப்புறம் 2×15. ஆறு நிமிசத்துக்கு ஒருதரம் பத்து மிதி எழுந்து நின்னா மரத்துப்போகாது. 20 நிமிசம் வலியில்லாம வந்த பிறகு வளையத்தை ஒண்ணொண்ணா எடுக்கலாம். எடுக்காட்டியும் குடி முழுகாது. தாங்குற உயரம்தான் வேகம், தாழ்வா இருந்து பாதியில நிமிர்றது இல்ல.

முள் · 6 ஜூலை, காலை 6.30
ஒரு மீன் லாரி பின்னால ஒட்டிக்கிட்டா 45-ல போகலாம்.

கச்சான் · 6 ஜூலை, காலை 6.34
உப்புத்தண்ணி முகத்துல, செயின்ல, ஹேண்டில் திரும்புற பேரிங்ல (ஹெட்செட்). நேரம் மிச்சம், பேரிங் போச்சு. டைம் ட்ரையல்ல ஆள் பின்னாலயே ஒட்டக்கூடாது, லாரி பின்னால ஒட்டி எடுத்த நேரத்தை யார்கிட்டச் சொல்வீங்க?

கச்சான் · 19 ஜூலை, இரவு 8.30
லாரி சொன்னதும் உப்பு ஞாபகம் வந்துச்சு. கடற்கரை ரோட்டுல போய்வந்த அன்னைக்கே நல்ல தண்ணில கழுவுங்க, பக்கெட்டும் துணியும் போதும். பீச்சுற பம்பு வேண்டாம், உப்பைப் பேரிங்குக்குள்ள தள்ளும். செயினைத் துடைச்சு, காயவிட்டு, இணைப்புக்கு ஒரு சொட்டு, பத்து நிமிசம் கழிச்சு வெளிய இருக்கிறதைத் துடைச்சிருங்க. ஈரமா விட்டா மணல் ஒட்டி அரைக்கும். மெழுகு போட்ட செயின் மணலுக்கு நல்லது, ஆனா நனைஞ்சபடி ராத்திரி விட்டா காலைல துரு. 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டா மாத்துங்க, இல்லன்னா பல்சக்கரமும் சேர்ந்து போகும். ஆரக்கம்பியை ரிம்மோட இறுக்குற அலுமினிய நிப்பிள் இந்தக் காற்றுல வெள்ளையாப் பூத்து ஒடியும், ஆரக்கம்பி புதுசாக் கட்டினா பித்தளை போடச் சொல்லுங்க.

தொண்டி ரோடு · 9 ஆகஸ்ட், இரவு 9.20
ஏழாவது வாரம். 2×20 முடியுது. நாடி சரி, வாய் சரி. ஆனா 20 கி.மீ. இன்னைக்கும் 36.50. காற்று 20 போட்டிருந்துச்சு. இன்னும் பயமாத்தான் இருக்கு.

கச்சான் · 10 ஆகஸ்ட், காலை 5.10
20 போட்டா நமக்கு 13. அதுக்கு நட்டம் 1 நிமிசம் 20 விநாடி. கழிச்சா 35.30. ஜூன் 14-ல காற்றைக் கழிச்சா 37.30. எட்டு வாரத்துல ரெண்டு நிமிசம், ரிம் விக்கிறவர் சொன்ன அதே ரெண்டு நிமிசம்.

இப்ப ஓட்டற விதம். முதல் மூணு நிமிசம் இலக்குக்கு 5 சதவீதம் கீழ, ‘ரொம்ப லேசா இருக்கே’ன்னு சந்தேகம் வரணும். பின்காற்றுல மிதிக்கிற பலத்தை 5 சதவீதம் குறைச்சு, எதிர்காற்றுல 5 கூட்டிக் கொடுத்தா உங்க கணக்குக்கு 10–20 விநாடி மிச்சம். கச்சான்ல முதல் பாதி பின்காற்று, அதனால திரும்புற இடத்துக்கு வரும்போது கால்ல மிச்சம் இருக்கணும். திருப்பத்துக்கு 50 மீட்டர் முன்னாடியே கியரை லேசாக்குங்க, மெதுவா சுத்தி வந்து, எழுந்து எட்டுப் பத்து மிதி, உட்கார்ந்து மறுபடி வளையுங்க. திரும்பினதும் பாயாதீங்க, எதிர்காற்று இன்னும் இருபது நிமிசம் இருக்கு.

இன்னொண்ணு, மனசை உடைக்கிற இடம் இது. ஒரு நிமிசம் கழிச்சுக் கிளம்பினவர் உங்களைத் தாண்டிப் போவாரு. உடனே பின்னால ஓடத் தோணும். பத்து விநாடி விடுங்க, இடைவெளி விழட்டும், விதியும் அதான். அப்புறம் உங்க நாடி, உங்க வாய். அவர் எந்த ஃபார்ம்ல இருக்காருன்னு உங்களுக்குத் தெரியாது, அவர் உங்க எட்டாவது வாரம் இல்ல. 1989 டூர் டி பிரான்சு கடைசி நாள் 24.5 கி.மீ. டைம் ட்ரையல், அமெரிக்க வீரர் லெமாண்ட் மொத்தத்துல ஜெயிச்சது 8 விநாடில. அந்த மாதிரி 8 விநாடியைத் துரத்தறது முதல் ரேஸ்ல நம்ம வேலை இல்ல. முதல் ரேஸ்க்கு ஒரே இலக்கு: ரெண்டாவது பாதியில நிமிராம வர்றது.

கீழக்கரைக் காக்கா · 10 ஆகஸ்ட், காலை 7.45
குடிக்கிறது பத்தி ஒண்ணும் சொல்லல.

கச்சான் · 10 ஆகஸ்ட், இரவு 8.00
35 நிமிசத்துக்கு நடுவுல குடிக்கத் தேவையில்ல காக்கா, பாட்டிலைக் கழட்டி வச்சாலும் சரி. ரெண்டரை மணி நேரம் முன்னாடி இட்லி நாலு, சட்னி குறைச்சு. பயிற்சி ஒரு மணி நேரத்தைத் தாண்டினா லிட்டருக்கு சர்க்கரை 50 கிராம், உப்பு கால் டீஸ்பூன், ஒரு எலுமிச்சை. பதனீர் நல்லதுதான், விடியல்ல இறக்கினதை உடனே குடிச்சா. பாட்டில்ல ஊத்தி ரெண்டு மணி நேரம் வெயில்ல கொண்டுபோனா அது வேற சரக்கு. வெயில் ஏறின பிறகு ஸ்டார்ட்னா சூடாக்கிக்க பத்து நிமிசம் போதும், தலையில பச்சைத்தண்ணி ஊத்திக்கங்க.

தொண்டி ரோடு · 5 அக்டோபர், காலை 8.10
காற்று இல்ல. 35.05. அஞ்சு அஞ்சு கி.மீ.யாப் பிரிச்சா 8.50, 8.45, 8.48, 8.42. நிமிரல.

முள் · 5 அக்டோபர், காலை 8.30
34 வரலையே?

தொண்டி ரோடு · 5 அக்டோபர், காலை 8.33
வரல. ஞாயித்துக்கிழமை ரேஸுக்குப் பேர் கொடுத்துட்டேன்.

கச்சான் · 5 அக்டோபர், இரவு 9.00
அந்த நாலு எண்ணையும் தாள்ல எழுதி வைங்க, 35.05-ஐ விட அது பெருசு. இன்னும் கொஞ்ச நாள்ல வாடை பிடிக்கும், அப்ப எல்லாம் தலைகீழ்: போகும்போது எதிர்காற்று, வரும்போது தள்ளும். முதல் பாதியிலேயே 5 கூட்டி அழுத்தணும், முதல் மூணு நிமிச அடக்கம் மட்டும் மாறாது. மழை பெஞ்ச மறுநாள் ரோட்டோரத் தண்ணில முள் மிதந்து வந்து நடு ரோட்டுல கிடக்கும், தடுப்புப் பட்டை டயரையே மாட்டிட்டுப் போங்க.